“ஆ... ஆர்ட்ஸா?”

போன கிழமை விடியக்காலமை மாங்குளம் சந்தியில யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிண்டம். நானும் என்ர பெறாமகளும். அக்கான்ர மூத்தவள். கம்பஸ் கிடைச்சிருக்கு, பதிவுக்குப் போறம்.

(எங்கட பக்கம் “பல்கலைக்கழகம்” எண்டு ஒருத்தரும் கதைக்கிறேல்ல. 1974இல யாழ்ப்பாணத்தில அது வளாகமாத்தான் தொடங்கினது. 1979இல தனிப் பல்கலைக்கழகம் ஆயிட்டுது. சனத்தின்ர வாயில இண்டைக்கும் கம்பஸ்தான்.)

அவளின்ர கையில ஒரு நீலப் பைல். என்ர கையில அக்கா கட்டித் தந்த புட்டுப் பார்சல். ரெண்டு பேருக்கும் சரியான சந்தோசம். அப்ப பாத்து, தெரிஞ்ச அண்ணை ஒருத்தர் சைக்கிள நிப்பாட்டினார்.

“என்ன, விடியவே பிள்ளையோட வெளிக்கிட்டிட்டியள்?”

“கம்பஸ் பதிவுக்கு அண்ணை.”

“அட! கெட்டிக்காரி. என்ன பிள்ளை, எஞ்சினியரிங்கோ?”

“இல்லை மாமா, கலைப்பீடம்.”

“ஆ... ஆர்ட்ஸா.”

அவ்வளவுதான். நல்ல மனுசன். கெட்ட நோக்கம் ஒண்டும் இல்லை. ஆனா அந்த “ஆ” இருக்கே. செத்த வீட்டில “எப்ப நடந்தது?” எண்டு கேக்கிற குரல். அவள் பைல நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கொண்டு றோட்டைப் பாத்தாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பஸ் முறிகண்டியில நிண்டது. எல்லாரும் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, ஏறினம். பஸ் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில அறிவியல் நகர். எஞ்சினியரிங் பீடத்துக் கட்டிடங்கள் றோட்டில இருந்தே தெரியும். அவள் அதைப் பாத்துக்கொண்டே கேட்டாள்:

“சித்தி, உண்மையா ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யிறது?”

பஸ்ஸுக்குள்ள பாட்டுச் சத்தம். பக்கத்தில ஒரு அம்மா கோழிக்குஞ்சுப் பெட்டியோட. அண்டைக்கு நான் ஒழுங்கா மறுமொழி சொல்லேல்ல. அதைத்தான் இஞ்ச எழுதுறன். அவளும் வாசிப்பாள். சைக்கிள் அண்ணையும் வாசிச்சா நல்லது.

*

முதல்ல எங்கட இடத்தின்ர நிலைமையச் சொல்லிப்போடுறன்.

மாங்குளம் ஏ9 றோட்டில நடுவில இருக்கு. தெற்கால போனா ஐம்பது கிலோமீற்றர் மட்டில வவுனியா. அங்க பம்பைமடுவில இருக்கிற வளாகம் 2021 ஆவணி 1ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகம் ஆயிட்டுது. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழினுட்பக் கற்கை எண்டு மூண்டு பீடத்தோட. வடக்கால போனா அறிவியல் நகர். பொறியியல், விவசாயம், தொழினுட்பம். எல்லாம் தேவையானதுதான். ஒண்டையும் நான் குறை சொல்லேல்ல.

ஆனா வரலாறு, இலக்கியம், மெய்யியல், சமூகவியல், புவியியல் இதுகளைப் பட்டமாப் படிக்கவேணும் எண்டா வன்னிப் பிள்ளை ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போகவேணும். போர் எங்கட முத்தத்தில நடந்தது. இடம்பெயர்வு, காணாமற் போனது, காணிப் பிரச்சினை எல்லாம் இஞ்சதான். அதையெல்லாம் எப்பிடி விளங்கிக்கொள்ளுறது எண்டு சொல்லித் தாற பாடங்கள் மட்டும் இஞ்ச இல்லை. இது எனக்குக் கன காலமா இருக்கிற கோபம்.

இந்தப் படிப்புக்கு எங்கட நாட்டுத் தமிழில “தாராண்மைக் கல்வி” எண்டு ஒரு பேர் இருக்கு. லிபரல் எண்டதுக்கு நாங்கள் வைச்ச சொல். லத்தீனில அந்தச் சொல்லின்ர வேர் “சுதந்திரமான ஆள்” எண்டு வரும். அடிமைக்குத் தொழில் பழக்கினாப் போதும், சுதந்திரமான ஆளுக்குத்தான் பேசவும் வாதாடவும் கணக்கெடுக்கவும் வானத்தப் பாக்கவும் பழக்கவேணும் எண்டது பழைய ரோமாபுரி யோசனை. அதில இருந்த அநியாயம் வேற கதை. எங்கட நாட்டில 1945இல கன்னங்கராவின்ர இலவசக் கல்வி வந்தாப் பிறகு, அந்தச் சுதந்திரமான ஆளின்ர படிப்பு குடிமகன்ர பிள்ளைக்கும் வயல்காரன்ர பிள்ளைக்கும் எண்டு ஆயிட்டுது. இதைச் சும்மா ஒரு சலுகை எண்டு நினைக்காதேங்கோ. பெரிய விசயம்.

*

சரி, என்ர கதைக்கு வாறன்.

நான் ஏ.எல் படிச்சது ஜாம் போத்தல் விளக்கில. தொண்ணூறுகளில வன்னியில இருந்த ஆக்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றாக்களுக்கு: பொருளாதாரத் தடையால மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சூண்டு எண்ணெய், பஞ்சு, ஒரு திரி. அந்த வெளிச்சத்தில கொப்பிய மூக்குக்குக் கிட்டப் பிடிச்சுத்தான் வாசிக்கலாம். எங்கட வகுப்பில முக்காவாசிப் பேருக்குக் காலமையில மூக்கு நுனி கறுத்திருக்கும்.

2002 சித்திரையில ஏ9 திறந்தது. அடுத்த வருசம் கம்பஸ் போனன். முகமாலையில இறங்கி, பாக் எல்லாம் கொட்டிக் காட்டி, திரும்பக் கட்டி, வேற பஸ் ஏறிப் போற காலம்.

போன முதல் மாசம் ஒரு அக்கா சொன்னா, “இண்டைக்கு ஆறு மணிக்கு எங்கட அறையில குப்பி இருக்கு, வாரும்.”

எனக்கு விளங்கேல்ல. குப்பி எண்டா எனக்குக் குப்பி விளக்குத்தான். கறண்ட் நிண்டிட்டுது போல, விளக்குக் கொளுத்தப் போகினம் எண்டு நினைச்சன். போய்ப் பாத்தா, எட்டுப் பிள்ளையள் பாயில இருக்கினம். நடுவில அந்த அக்கா. அண்டைக்கு நடந்த விரிவுரைய, விளங்காத பிள்ளையளுக்குத் திரும்ப முதலில இருந்து சொல்லிக் குடுக்கிறா. காசு இல்லை. வரவு எடுக்கிறேல்ல. இலங்கையில எந்தக் கம்பஸுக்குப் போனாலும், சிங்களப் பிள்ளையளுக்கும் சரி தமிழ்ப் பிள்ளையளுக்கும் சரி, இதுக்குப் பேர் குப்பிதான். அந்தக் காலத்தில குப்பி விளக்கைச் சுத்தி இருந்து படிச்ச படியால வந்த பேர் எண்டு பேந்து சொன்னவை.

அந்த அக்கா எங்களுக்குச் செய்தது பெரிய வேலை. பொருளியல் புத்தகம் முழுக்க இங்கிலீசில. நூலகத்தில ஒரே ஒரு பிரதி. அவ அதை முதல் வருசம் தான் வாசிச்சு, கொப்பியில தமிழில எழுதி வைச்சிருந்தா. அந்தக் கொப்பிய அவவுக்கு ஒரு அண்ணை தொடக்கிக் குடுத்தவராம். நான் போகேக்க அது மூண்டு பேரின்ர கையெழுத்தில இருந்தது. நாலாவது கையெழுத்து என்ர.

தாராண்மைக் கல்விய ஆதரிக்கிற அமைப்பு எது எண்டு ஆராவது என்னட்டக் கேட்டா, நான் முதல்ல இதைத்தான் சொல்லுவன். பதிவு இல்லை, தலைவர் செயலாளர் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஆனா நிக்கேல்ல. 2006 ஆவணியில ஏ9 பூட்டினாப் பிறகும் நிக்கேல்ல.

அந்தப் பூட்டைச் சொல்லாம இதைத் தாண்ட ஏலாது. வீட்டுக்காரர் இஞ்ச, நான் அங்க. காசு வராது. கடிதம் வாறதே பெரும்பாடு. கையில இருந்தது மகாபொலப் புலமைப்பரிசில் காசு மட்டும். அந்த மாசங்களில என்ர சோறு மகாபொலச் சோறு. 1981இல சட்டம் போட்டு உருவாக்கின நிதியம் அது. லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சரா இருக்கேக்க தொடங்கினது. வர்த்தகக் கண்காட்சியும் லொத்தரும்தான் அதுக்குத் தொடக்கக் காசு. அவரின்ர அரசாங்கத்தோட எங்கட சனத்துக்கு இருந்த கணக்கு வேற. ஆனா ஆரோ முகம் தெரியாத ஆக்கள் வாங்கின லொத்தர் துண்டு வன்னிப் பிள்ளை ஒருத்தியப் பட்டினி கிடக்காமப் பாத்தது எண்டதும் உண்மை. ரெண்டையும் ஒரே மனசில வைச்சிருக்கவும் இந்தப் படிப்புத்தான் எனக்குப் பழக்கினது.

(2025 வரவு செலவுத் திட்டத்தில மகாபொலய 5,000 ரூபாயில இருந்து 7,500க்குக் கூட்டினவை. திருநெல்வேலிப் பக்கம் அறை வாடகை, மூண்டு நேரச் சாப்பாடு, போட்டோக் கொப்பி எல்லாத்தையும் இதுக்குள்ள அடக்க ஏலுமோ எண்டு பிள்ளையள் வைச்சிருக்கிற பெற்றோரே சொல்லுங்கோ.)

*

இப்ப முக்கியமான இடம்.

முதல் வருசம் நான் எழுதின முதல் கட்டுரை. விரிவுரைக் குறிப்பு முழுக்கப் பாடமாக்கி, ஒரு சொல் பிசகாம எழுதினன். ஏ.எல்லுக்கு அப்பிடித்தானே எழுதிப் பாஸ் பண்ணினது. கையெழுத்தும் முத்து மாதிரி.

திரும்பி வந்த தாளில விரிவுரையாளரின்ர சிவப்பு மையில ஒரு வரி:

“இது என்னுடைய குறிப்பு. உம்மட கருத்து எங்க?”

ரெண்டு நாள் சாப்பாடு இறங்கேல்ல. கோபம். அழுகை. கருத்தோ? என்னட்டயோ? பிறந்ததில இருந்து ஒருத்தரும் என்னட்டக் கருத்துக் கேக்கேல்ல. வீட்டிலயும் கேக்கேல்ல, பள்ளிக்கூடத்திலயும் கேக்கேல்ல, அந்த நேரத்து வன்னியில வேற ஆர் கேக்கப் போகினம்?

மூண்டாவது நாள் நூலகத்துக்குப் போய், அவர் சொன்ன அதே விசயத்தப் பற்றி வேற மூண்டு பேர் எழுதினத எடுத்தன். மூண்டு பேரும் மூண்டு விதமாச் சொல்லுகினம். அதில ஒருத்தர் எங்கட சேர் சொன்னதுக்கு நேர் எதிர். அப்ப எனக்கு உடம்பு ஒருக்காச் சிலிர்த்தது. அச்சில இருக்கிற விசயத்தோடயும் ஆக்கள் மல்லுக்கட்டுகினம்! அதைப் பிழை எண்டு சொல்லலாம்! சொல்லுறதுக்கு ஆதாரம் காட்டவேணும், அவ்வளவுதான்!

அந்தக் கட்டுரைய மூண்டு தரம் திருப்பி எழுதினன். முதல் ரெண்டும் குப்பை. மூண்டாவதுக்கு அவர் ஒண்டும் எழுதேல்ல. கீழ ஒரு சரி மட்டும். அந்தத் தாளைப் பத்திரமா வைச்சிருந்தனான். வீட்டுக்குக் குடுத்துவிட்ட றங்குப் பெட்டிக்குள்ள. 2008இல மாங்குளத்தில இருந்து சனம் இடம்பெயரேக்க பெட்டி அங்கயே நிண்டிட்டுது. திரும்பி வரேக்க வீட்டுக் கூரையே இல்லை, பெட்டிய எங்க தேடுறது.

*

“அதால சோறு வந்ததோ?” எண்டு கேப்பியள். சரி, என்ர மாமான்ர காணிக் கதையச் சொல்லுறன்.

மீளக் குடியேறிக் கொஞ்சக் காலம். மாங்குளத்துக்கு மேற்குப் பக்கம் ஒரு சின்னக் குளத்துக்குக் கீழ மாமாவுக்கு வயல். அவரின்ர தகப்பன் காலத்தில இருந்து விதைச்சது. ஒரு அலுவலகத்தில இருந்து கடிதம் வந்தது. மாமாவுக்குத் தெரியாத மொழியில. சந்தியில ரெண்டு பேரட்டக் காட்டினவர். ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொன்னவை. கடைசியில விளங்கினது இதுதான்: அந்த இடம் எப்பவுமே காடு, வயல் இருந்ததுக்குச் சான்று இல்லை. உறுதி, பெமிற் எல்லாம் இடம்பெயர்வில போட்டுது.

நான் கம்பஸில புவியியலும் வரலாறும் செய்தனான். புவியியல் செய்முறையில எங்களுக்கு ஒரு அங்குல வரைபடம் தருவினம். ஒரு மைல் நிலம் ஒரு அங்குலமா இருக்கும். குளத்துக்கு ஒரு குறி, வயலுக்கு ஒரு நிறம், வண்டிப்பாதைக்கு ஒரு கோடு. அப்ப அது எனக்கு மகா அலுப்பு. நூலும் அடிமட்டமும் வைச்சு அளந்துகொண்டு இருக்கிறது.

மாமான்ர கடிதத்தப் பாத்த உடன அந்த வரைபடம்தான் ஞாபகம் வந்தது. பழைய தாள் ஒண்டு தேடி எடுத்தம். (அது ஒரு மாசக் கூத்து. மூண்டு பேரட்டக் கேட்டு, நாலாவது ஆளட்டப் போட்டோக் கொப்பி.) தாளில மாமான்ர குளம் பேரோட இருக்கு. கீழ வயல். பக்கத்தில வண்டிப்பாதை.

அதோட நிக்கேல்ல. 1895இல ஜே. பி. லூயிஸ் எண்ட வெள்ளைக்கார அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கைநூல் போட்டவர். வவுனியா, முல்லைத்தீவு ரெண்டுக்கும். ஊர், குளம், சனம், காய்ச்சல், வரி எல்லாம் அதுக்குள்ள கிடக்கு. இராசாங்கம் நிர்வாகம் நடத்த எழுதின புத்தகம் எண்டதையும் மனசில வைச்சுத்தான் அதை வாசிக்கவேணும். (இதுவும் அந்தச் சிவப்பு மைக்காரர் பழக்கினது. எழுதினவர் ஆர், ஆருக்கு எழுதினவர் எண்டு முதல்ல கேள்.) நூறு வருசத்துக்கு முந்தியும் எங்கட பக்கத்தில சனம் குளம் கட்டி வயல் செய்ததெண்டு காட்ட அது உதவினது.

ரெண்டையும் வைச்சு நாலு பக்கக் கடிதம் எழுதினம். என்ன சட்டத்தின்ர எந்தப் பிரிவில இந்த முடிவு எடுத்தியள், எப்ப இடத்தைப் பாத்தியள் எண்டு கேட்டு. முதல் தரம் மறுமொழி இல்லை. ரெண்டாந்தரம் இல்லை. மூண்டாந்தரம் ஆக்கள் வயலுக்கு வந்து பாத்தவை. மாமா இப்ப விதைக்கிறார். பத்திரம் இன்னும் முடியேல்ல. ஆனா விதைக்கிறார்.

ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யிறது எண்ட கேள்விக்கு மாமான்ர வயல் ஒரு மறுமொழி.

*

பிள்ளைக்கு வேற என்ன கைகுடுக்கும்?

நூலகம் நிறுவனம். 2005இல தன்னார்வலர் கொஞ்சப் பேர் தொடங்கினது. ஈழத்து நூல், இதழ், பத்திரிகை, பிரசுரம், கோயில் மலர், பள்ளிக்கூட மலர் எல்லாத்தையும் மின்வருடி இணையத்தில போடினம். காசு இல்லை, கட்டுப்பாடு இல்லை. 1981இல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சு 97,000 புத்தகம் போன இனத்துக்கு இது என்ன எண்டு நான் சொல்லத் தேவையில்லை. நான் படிக்கேக்க ஒரு பழைய சஞ்சிகைக்காக மூண்டு வீடு ஏறி இறங்கியிருக்கிறன். இப்ப இவள் மாங்குளத்தில கட்டிலில படுத்துக்கொண்டு போனில வாசிக்கிறாள். அந்தக் காலத்தில அரசாங்கமே இங்கிலீசுப் பாடப்புத்தகங்களைத் தமிழாக்கிப் போட்டது. அந்த மொழிபெயர்ப்புகளும் அங்க தேடினாக் கிடைக்கும். தமிழ் கொஞ்சம் கரடுமுரடு, ஆனா விசயம் கெட்டி. கலைச்சொல் படிக்க அதை விட நல்ல இடம் இல்லை.

நாட்டில குப்பி மாதிரி ஒரு கூட்டமும் இருக்கு. அரச பல்கலைக்கழக விரிவுரையாளர் கொஞ்சப் பேர் சேர்ந்து “குப்பி” எண்ட பேரிலேயே ஐலண்ட் பத்திரிகையில தொடர்ந்து எழுதுகினம். பேராதனையில இருந்த சிவமோகன் சுமதி, யாழ்ப்பாணத்து மகேந்திரன் திருவரங்கன் எண்டு தமிழ் ஆக்களும் அதுக்குள்ள. இலவசக் கல்வி, கலைப்பீடம், பகிடிவதை, வகுப்பறைக்குள்ள ஆர் கதைக்கலாம் ஆர் கதைக்கேலாது எண்டதெல்லாம் எழுதுவினம். இங்கிலீசில இருக்கு. பிள்ளை, அகராதிய வைச்சுக்கொண்டாவது வாசி. இங்கிலீசும் வரும், உன்ர படிப்பு ஏன் இந்தக் கோலத்தில இருக்கு எண்டதும் விளங்கும்.

2012இல பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின்ர சம்மேளனம் மூண்டு மாதத்துக்கு மேல வேலைநிறுத்தம் செய்தது. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில 6 வீதம் தாங்கோ எண்டு. காலியில இருந்து கொழும்புக்கு நடந்தவை. அந்த 6 வீதம் இன்னும் வரேல்ல.

வெளிநாட்டில இதுக்கெண்டே சங்கங்கள் இருக்கு. அமெரிக்காவில கல்லூரியளின்ர சங்கம் ஒண்டு 1915இல இருந்து தாராண்மைக் கல்விக்காகவே நடக்குது. சிங்கப்பூரில யேல் பல்கலைக்கழகத்தோட சேந்து 2011இல ஒரு கல்லூரி தொடங்கினவை. காசுக்குக் குறைவில்லை, கட்டிடம் மாளிகை. 2021இல மேலிடம் ஒரு முடிவு எடுத்தது, 2025இல மூடியாச்சு. எங்கட குப்பிய மூட ஆரும் மேலிடம் இல்லை எண்டதில எனக்கு ஒரு பெருமை.

ஆனா வெளிக் காசு கூடாது எண்டும் நான் சொல்லேல்ல. எங்கட மண்ணில இந்தப் படிப்பு நிறுவனமா நிண்ட முதல் இடம் வட்டுக்கோட்டை. 1823இல அமெரிக்க மிசன் தொடங்கின செமினரி. தமிழ், இங்கிலீசு, சமஸ்கிருதம், கணிதம், வானியல் எல்லாம் ஒரே பிள்ளை படிக்கவேணும். மதம் மாத்துறது அவையின்ர நோக்கம். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனா பிள்ளையள் படிச்சு எடுத்தது வேற. சென்னைப் பல்கலைக்கழகத்தின்ர முதல் பட்டதாரியள் ரெண்டு பேரும் வட்டுக்கோட்டைப் பெடியள். ஒருத்தர் கறல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அந்தத் தாமோதரம்பிள்ளைதான் செல்லரிச்ச ஏட்டுக்குப் பின்னால ஓடி, 1881இல வீரசோழியத்தையும் 1887இல கலித்தொகையையும் அச்சில கொண்டுவந்தவர். மிசன் நினைச்சது ஒண்டு, நடந்தது ஒண்டு. செமினரி 1855இல மூடப்பட்டது. 1872இல யாழ்ப்பாணக் கல்லூரியா எழும்பினது. அதுக்கெண்டு அமெரிக்காவில பொஸ்ரனில ஒரு நிதியமும் இருந்தது.

அதே மாதிரி, இண்டைக்குக் கம்பஸ் நிக்கிற காணி சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல கட்டின பரமேஸ்வராக் கல்லூரியின்ரது. கம்பஸுக்கு முதல் தலைவரா இருந்தவர் கைலாசபதி. சிவத்தம்பியும் இந்திரபாலாவும் அங்க படிப்பிச்சவை. இவை எல்லாம் ஆர்ட்ஸ் ஆக்கள்தான் அண்ணை.

*

ஒரு விசயத்த மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. வேலை.

2017இல வடக்குக் கிழக்கில பட்டதாரியள் மாசக்கணக்காக் கச்சேரி வாசலுகளில இருந்தவை. அதில கனக்கப் பேர் கலைப்பீடம். என்ர கூட்டாளியளும் அதுக்குள்ள. வெயிலுக்குத் தறப்பாள் கட்டிக்கொண்டு, கைப்பிள்ளையோட இருந்தவை. அண்ணையின்ர அந்த “ஆ” வந்ததும் அந்தத் தறப்பாளைப் பாத்துத்தான். அதை நான் மதிக்கிறன்.

ஆனா பிழை வரலாற்றிலயோ இலக்கியத்திலயோ இல்லை. வன்னியில படிச்ச பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகத்தை விட்டா வேற கதவு திறக்க ஒருத்தரும் முயற்சி எடுக்கேல்ல. அடுத்த பிழை படிப்பிக்கிற விதத்தில. இண்டைக்கும் எத்தினையோ வகுப்பில குறிப்பு வாசிக்க, பிள்ளையள் எழுத, சோதனையில அதையே வாந்தியெடுக்க. அது தாராண்மைக் கல்வியே இல்லை. அந்தச் சிவப்பு மை வரி எனக்குக் கிடைச்சது. கிடைக்காத பிள்ளையள்தான் கனக்க. மூண்டு வருசம் படிச்சும் ஒருத்தரும் “உம்மட கருத்து எங்க?” எண்டு கேக்காம வெளிய வந்த பிள்ளைக்குப் பட்டம் மட்டும்தான் கையில இருக்கும்.

எனக்கு ரெண்டு ஆசை இருக்கு. ஒண்டு, பம்பைமடுவில ஒரு கலைப்பீடம். பெரிசாத் தேவையில்லை. வரலாறும் தமிழும் சமூகவியலும் புவியியலும் போதும். மற்றது, அறிவியல் நகரில எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளையளுக்கு வன்னிக் குளங்களின்ர வரலாறு ஒரு பாடம். குளக்கட்டு உயர்த்தப் போற பிள்ளைக்கு அந்தக் குளத்தை ஆர் கட்டினது, ஆர் கைவிட்டது, தண்ணியில ஆருக்கு உரிமை இருந்தது எண்டு தெரியவேணும். கொங்கிறீற்று மட்டும் தெரிஞ்சாக் காணாது.

*

பதிவு முடிஞ்சு வெளிய வரேக்க வாசலில ஒரு பிள்ளை வந்து கேட்டாள், “எவடம்?” மாங்குளம் எண்டம். “நான் ஒட்டுசுட்டான்!” எண்டாள். ரெண்டாம் வருசம். இவளின்ர போன் நம்பரை எடுத்தாள். திரும்பி வாற பஸ் பரந்தன் தாண்ட முந்தி இவளை ஒரு வட்ஸ்அப் குழுவில சேத்தாச்சு. முதல் செய்தி: “புதுப் பிள்ளையளுக்குச் சனிக்கிழமை இரவு 8க்குக் குப்பி. சூமில. முதல் பாடம்: கட்டுரை எப்பிடி எழுதுறது.”

கூடவே ஒரு பிடிஎப். ஆரோ கையால எழுதின கொப்பியப் படம் பிடிச்சது. நான் எட்டிப் பாத்தன். மூண்டு நாலு விதமான கையெழுத்து. என்ர கையெழுத்து அதில இல்லை, அது வேற கொப்பி. எண்டாலும் கண் கலங்கிட்டுது. இவள் கேட்டாள், “என்ன சித்தி, தூசியோ?” ஓம் எண்டன்.

வன்னியில கலைப்பீடம் படிச்சு முடிச்ச ஆக்கள் இதை வாசிச்சா ஒரு கேள்வி. மல்லாவி, துணுக்காய், புளியங்குளம், முள்ளியவளை, எங்க இருந்தாலும் சரி. உங்கட கொப்பியள் இன்னும் இருக்கோ? பழைய வரைபடம், ஊர்க்கோயில் மலர், பள்ளிக்கூட மலர், தகப்பன் வைச்சிருந்த காணிக் கடிதம்? எரிக்காதேங்கோ, பேப்பர்க்காரனுக்கு நிறுக்காதேங்கோ. படம் எடுத்து ஒரு பிள்ளைக்கு அனுப்புங்கோ, இல்லாட்டி நூலகம் ஆக்களட்டக் குடுங்கோ. சனிக்கிழமை பின்னேரத்தில ஒரு மணித்தியாலம் தர ஏலுமானவை கீழ எழுதுங்கோ. மாங்குளத்தில இந்த முறை ஏ.எல் ஆர்ட்ஸ் எடுக்கிற பிள்ளையள் பதினொரு பேர் எங்கட வீட்டு விறாந்தைக்கு வர ஓம் எண்டிட்டினம். அக்கா தேத்தண்ணி தருவா. புவியியலுக்கு நான் இருக்கிறன். மெய்யியலுக்கு ஆள் வேணும்.